ஒரு கை மெஷினுக்காக ஐந்து நாள்

முதல் நாள், வெள்ளி – புத்தளம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குப் புத்தளத்தில் போய் இறங்கக் கூடாது. எனக்கு அது இன்றைக்குத்தான் விளங்கியது. காலையில் புறக்கோட்டையில் ஏறிய பஸ், நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் என்று நின்று நின்று வந்து என்னை இறக்கிவிட்டபோது கடைத்தெரு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. ஜும்மா தொழுகை நேரம். ஒரு பிளேன்டீக்கும் வழியில்லை. பஸ் நிலையத்துச் சீமெந்துக் கட்டில் முக்கால் மணித்தியாலம் வெயில் காய்ந்தேன்.

தோழி வந்து சிரியோ சிரி என்று சிரித்தாள். அவளும் நானும் கொழும்பில் ஒரே அலுவலகம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. 'நல்லிணக்கம்' என்ற சொல்லை இந்தப் பத்து வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அறிக்கை, செயலமர்வு, மும்மொழிப் பதாகை எல்லாவற்றிலும் அது இருக்கும். வீட்டில் வாய்விட்டு அந்தச் சொல்லைச் சொன்ன ஒருவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து அம்மா போன் எடுத்தார். "வீடு திருத்தப்போறம். அந்தக் கை மெஷினை என்ன செய்ய? பழைய இரும்பு எடுக்கிறவன் கேட்கிறான்."

அது ஒரு சிங்கர் தையல் மெஷின். வளைந்த மரமூடி, கறுப்பு உடம்பு, பொன் கோடுகள் பாதி அழிந்துவிட்டன. 1991இல் அப்பா வாங்கி வந்தது. பொருளாதாரத் தடை இருந்த காலம். சவர்க்காரமே கிடைக்காத யாழ்ப்பாணத்தில் ஒரு தையல் மெஷின் மலிவு விலையில் எப்படிக் கிடைக்கும்? புலிகள் இயக்கத்தின் கடையில் வாங்கியது. 1990இல் புலிகள் வடக்கில் இருந்து துரத்திய முஸ்லிம்கள் விட்டுப்போன வீடுகளில் இருந்து எடுத்த சாமான்கள் அப்படித்தான் விலைப்பட்டன. யாருடையது என்று அப்பா சொல்லவில்லை, அம்மா கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அதில் தைத்தவை.

ஒன்று மட்டும் அம்மா செய்தார். மெஷின் வந்தபோது அதன் பொபினில் பச்சை நூல் சுற்றியபடி இருந்ததாம். அந்தப் பொபினைக் கழற்றி, பெட்டியின் சின்ன அறைக்குள் போட்டார். இன்றுவரை அந்த நூலில் கை வைக்கவில்லை.

இந்தக் கதையைத் தோழியிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "முதல்ல எங்கட உம்மாவை வந்து பார். அப்புறம் ஊருக்குப் போ" என்றாள். உம்மா, அவளுடைய தாய், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத் தெருவில் இருந்து துரத்தப்பட்டவர். தோழி பிறந்தது புத்தளம் அகதி முகாமில். புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்று, அவர்கள் வந்த திசைக்கு எதிராக நான் போகிறேன்.

இரண்டாம் நாள், சனி – புத்தளம்

நேற்று இரவு உம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. "எந்த ஊர் மகள்?" என்றார். கொக்குவில் என்றேன். "ஸ்டேஷன் பக்கமோ?" என்றார். "ஓம், கிட்ட" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மீன் ஆணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான்.

காலையில் இடியப்பம் பிழிந்துகொண்டே தானாகத் தொடங்கினார். 1990 ஒக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். போன ஆண்கள் திரும்பி வந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிட வேணுமாம் என்றார்கள். "அடுப்பில சோறு. அதை இறக்கி வைச்சிட்டு வந்தன். இறக்காம வந்திருந்தா என்ன, எரிஞ்சா என்ன? ஆனா இறக்கி, மூடிதான் வைச்சன்." வழியில் சோதனை. ஆளுக்கு 150 ரூபாவும் உடுப்பும் விட்டார்கள் என்றார். காதில் கிடந்த தோட்டை எப்படிக் கழற்றினார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் காதைத் தடவிக் காட்டினார்.

அந்த மாதத்தின் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கியது. மாதம் முடிவதற்குள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் முஸ்லிம்கள் இல்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கிழக்கில் அதற்கு முன்பே இரத்தம் ஓடிவிட்டது. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஆளுக்கு ஆள் மற்றவரின் பட்டியலை நீட்டுவதற்கு இது வசதியான வரலாறு. யாழ்ப்பாணத்தில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவருக்கும் கிழக்கில் நடந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சின்ன வயதில் யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பயம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயமும் இருந்தது, உண்மை. மெஷின் மலிவாக இருந்ததும் உண்மை.

உம்மாவின் பேச்சில் எனக்குப் புதிதாக இருந்தது புத்தளத்துக் கதை. "முதல் நாள் பள்ளியில சோறாக்கித் தந்தது புத்தளத்தார்தான். அதை மறந்தா நாங்க மனிசரில்ல. ஆனா விருந்தாளியும் எத்தனை வருசத்துக்கு மகள்?" கிடுகுக் குடிசைகள் பெருகின. குறைந்த கூலிக்கு வர ஆள் இருக்கிறது என்றதும் உள்ளூர்க்காரரின் கூலியும் விழுந்தது. கிணற்றடியில் வாய்த்தகராறு, பள்ளிக்கூட இடத்துக்குப் போட்டி. ஒரே மார்க்கம், ஒரே மொழி, ஆனாலும் 'அகதி' என்ற பெயர் பிள்ளைகள் மேல் ஒட்டிக்கொண்டது. தோழியை வகுப்பில் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். 2007இல் உலக வங்கி உதவியோடு வீட்டுத்திட்டம் வந்து, கல்வீடு எழும்பிய பிறகுதான் ஓரளவு மட்டுப்பட்டது என்றாள். இப்போது அவள் அண்ணன் கட்டியிருப்பது புத்தளத்துப் பெண்ணை.

போர் நிறுத்த காலத்தில், 2002 ஏப்ரலில், கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகள் தரப்பு அந்த வெளியேற்றம் ஒரு தவறு என்று சொன்னது. உம்மா அதை வானொலியில் கேட்டார். அந்த வருடமே போய் வீட்டைப் பார்த்துவிட்டும் வந்தார். "நிலை நிண்டுது. கதவு இல்ல. ஓடு இல்ல. கிணத்துக்குள்ள மரம் முளைச்சிருந்துது."

சரி, இதுதான் நேரம் என்று மெஷின் கதையைச் சொன்னேன். சொல்லும்போது என் கை இடியப்பத் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. உம்மா கேட்ட முதல் கேள்வி: "கை மெஷினோ, கால் மெஷினோ?"

"கை மெஷின்."

"அப்ப எங்கட இல்ல. எங்கட கால் மெஷின்."

எனக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சின்னப் பிள்ளை நீ என்ன செய்வாய்" என்று அவர் எழுந்து போய்விட்டார். அந்த வார்த்தையில் என் அப்பா அடங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

மூன்றாம் நாள், ஞாயிறு – மன்னார்

அநுராதபுரம், மதவாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தேன். வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகும் பழைய புத்தளம்–மன்னார் வீதி எவ்வளவோ கிட்ட. அதைத் திறப்பதா மூடுவதா என்று பல வருடமாக வழக்கு நடந்தது. காட்டை அழித்து முஸ்லிம்கள் மீள்குடியேறுகிறார்கள் என்று ஒரு பக்கம், காடாகிப்போனது எங்கள் ஊர்தான் என்று மறுபக்கம். இருபது வருடம் ஆள் இல்லாவிட்டால் வயலும் காடுதானே.

புத்தளத்தில் இருந்து மன்னார் போகும் வழியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலன்று, மன்னாரில் வாக்காளராகப் பதிந்திருந்த முஸ்லிம்கள் புத்தளத்தில் இருந்து பஸ்களில் போனார்கள். தந்திரிமலைப் பக்கம் அந்த பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடு. அந்த வருடம் ஏப்ரல் 21, இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்று நடத்திய உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க முஸ்லிம்களைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் தோழியின் பையை மட்டும் வாசலில் இரண்டு தடவை திறந்து பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

மன்னார் நகரத்தில் கழுதைகள் இன்னும் வீதி நடுவில் நிற்கின்றன. பள்ளிமுனைப் பெருக்க மரத்தை எல்லாரும் போல நானும் போய்ப் பார்த்தேன். சுற்றி நடந்தால் ஒரு சின்ன வீடு.

இங்கே பிளவு தமிழர்–முஸ்லிம் என்று மட்டும் இல்லை. 2019 மார்ச்சில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சர வீதியில் கட்டிய வளைவை ஒரு கூட்டம் பிடுங்கி எறிந்தது. எறிந்தவர்கள் கத்தோலிக்கர், கட்டியவர்கள் சைவர், இரண்டு பேரும் தமிழர். இதைப் பற்றி ஓட்டோக்காரத் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, அது முடிஞ்ச கதை" என்று கண்ணாடியைத் திருப்பிவிட்டான். முடிந்த கதைக்கு யாராவது கண்ணாடியைத் திருப்புவார்களா?

பின்நேரம் எருக்கலம்பிட்டி. இந்த ஊர் மக்கள் 1990இல் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனவர்கள். ஒரு பலசரக்குக் கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனவள் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டேன். காரணம், கல்லாவில் தொங்கிய கடன் கொப்பி. நூல் கட்டிய நீள அட்டைக் கொப்பி, மூலை எல்லாம் மண்ணெண்ணெய்க் கறை. பக்கத்துக்கு ஒரு பெயர். பெயர்களில் பாதி மீன்பிடிக்கப் போகும் கிறிஸ்தவப் பெயர்கள்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். போர் முடிந்து ஊர் திரும்பிக் கடை போட்டவர். "முதல் வருசம் எல்லாரும் கைக்காசு. ஒரு தீப்பெட்டிக்கும் காசை வைச்சிட்டுத்தான் கை நீட்டுவாங்க. வாப்பா காலத்துல இப்பிடியில்ல. இந்தக் கடையில கடன் இல்லாத மீன்காரனே இல்ல."

"காசு வாறது நல்லதுதானே நானா?"

"என்ன நல்லது? காசைக் குடுத்திட்டுப் போறவன் நாளைக்கு வரத் தேவையில்லையே."

இரண்டாம் வருடம் சோளகக் காற்றுக் காலத்தில், தொழில் இல்லாமல் கிடந்த ஒருவர் வாசலில் நின்று இழுத்து இழுத்துக் கேட்டாராம், அரிசி ரெண்டு கிலோ, சீனி ஒரு கிலோ, பிறகு தரட்டுமா என்று. கடைக்காரரிடம் கொப்பியே இல்லை. மகளின் பள்ளிக்கூடக் கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாராம். அந்தக் கடனை அவர் தந்தாரா என்று கேட்டேன். "பாதி தந்தார். மீதிக்கு மீன் தந்தார். இன்னும் கொஞ்சம் நிக்குது" என்றார். அந்தக் 'கொஞ்சம் நிக்குது' என்பதை அவர் சொன்ன விதத்தில் குறையே இல்லை.

நான் வாங்கிய தண்ணீருக்குச் சில்லறை இல்லை. ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினேன். "பிறகு தாங்கோ" என்றார். இனி எப்போது எருக்கலம்பிட்டிக்கு வரப்போகிறேன்? இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள், திங்கள் – கொக்குவில்

மன்னாரில் இருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு இந்தப் பாதை நல்ல வசதி. பஸ்ஸில் நித்திரை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் அம்மா மெஷினைத் துடைத்து விறாந்தையில் வைத்திருந்தார். இரும்புக்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

இந்த மெஷின் எங்களோடு ஒரு தடவை இடம்பெயர்ந்தும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு ஓடியபோது, அப்பா சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டினார். அம்மா அதன் மேல் இந்த மெஷினைக் கட்டச் சொன்னார். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் நகர இடமில்லாமல் மணிக்கணக்காக நின்றோம். லட்சக்கணக்கான ஆட்கள் ஒரே வீதியில். முஸ்லிம்களை அனுப்பியதும் ஒக்டோபர் 30, நாங்கள் போனதும் ஒக்டோபர் 30. நடுவில் சரியாக ஐந்து வருடம். யாழ்ப்பாணத்தில் இதைக் கவனிக்காதவர்கள் குறைவு. பாவம் சுற்றி வந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்காது. அப்படியென்றால் மூன்று மாதக் குழந்தையும் அதில் பங்காளியா? ஆனால் அன்று இரவு பாலத்தடியில் அம்மா ஒன்று சொன்னாராம்: "அவையளுக்கு இதுக்கும் நேரம் குடுக்கேல்லை." அப்பா திரும்பி மெஷினைப் பார்த்தாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது இன்றைக்குத்தான். அப்பா போய் எட்டு வருடமாகிறது.

"சோனகத் தெருவுக்கு நாளைக்கு வாறியளோ?" என்று கேட்டேன். வீட்டில் இருந்து ஐந்து கிலோமீற்றர் கூட வராது. 1990க்கு முன்பு வெள்ளிக்கிழமைகளில் சட்டைத் துணி எடுக்க அந்தப் பக்கம் போய்வந்தவர். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை.

"எனக்கு முழங்கால் நோ" என்றார்.

ஐந்தாம் நாள், செவ்வாய் – சோனகத் தெரு

மெஷினை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நல்ல பாரம். ஐந்து சந்தியில் இறங்கும்போது கால் மரத்துவிட்டது.

தெருவில் பாதி வீடு புதிது, பாதி வெறும் சுவர். கூரை இல்லாத அறைக்குள் பப்பாசி மரம் நிற்கிறது. ஒஸ்மானியாவில் பிள்ளைகள் இடைவேளைக்குக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஜின்னா மைதானத்தில் பெடியள் பந்து அடிக்கிறார்கள். அந்த இடத்தைப் பார்த்ததும் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். வெயில்தான் சுட்டது.

தேத்தண்ணிக் கடையில் இருந்த பெரியவர்களிடம் காணிக் கதைதான். ஒரு வீட்டை விட்டுப் போனது ஒரு குடும்பம், திரும்பி வர நிற்பது நாலு குடும்பம். பிள்ளைகள் கட்டிப் பெருகிவிட்டார்கள். 2009இல் போர் முடிந்தபோது உதவி முதலில் வன்னியில் இருந்து வந்த புதிய அகதிகளுக்கு. இவர்கள் 'பழைய அகதிகள்'. பதிந்துவிட்டு, கூரைத் தகரம் கிடைக்காமல் மறுபடி புத்தளம் போனவர்கள் நிறையப் பேர். பத்து வருடம் தடையில்லாமல் காணியை வைத்திருந்தவருக்கே அது உரிமை என்ற சட்டம் வேறு. துரத்தப்பட்டிருந்த காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்கக் கூடாது என்று 2016இல்தான் தனிச் சட்டம் வந்தது. இருபத்தாறு வருடம் கழித்து.

இதற்கு நடுவில் ஒருவர் கேட்டார்: "பொத்துவில் நடைபவனிக்கு வந்தனீங்களோ?" 2021 பெப்ரவரியில் கிழக்கில் பொத்துவில் முதல் வடக்கில் பொலிகண்டி வரை நடந்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அரசாங்கம் வலுக்கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த நேரம். தமிழர்கள் தொடங்கிய அந்த ஊர்வலத்தில் ஜனாஸாவை எரிக்காதே என்ற கோரிக்கையும் சேர்ந்து போனது, முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். "அண்டைக்கு ரோட்டோரத்தில தண்ணி குடுத்தம்" என்றார் அவர். நான் அன்று கொழும்பில் இருந்தேன். அது பற்றிய அறிக்கையை மொழிபெயர்த்தேன்.

தையல்கடை சந்திக்குக் கிட்ட, ஒற்றைக் கதவுக் கடை. தையல்காரருக்கு நாற்பதுக்கு மேல். என்னைப் போலவே போகும்போது சின்னப் பிள்ளை, தொழில் பழகியது புத்தளத்தில். மெஷினை மேசையில் வைத்து, எங்கிருந்து வந்தது என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். இரண்டாவது தடவை என்பதால் கை நடுங்கவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி, மெஷினைப் பின்பக்கம் சாய்த்து, அடியில் விரலால் ஒரு தேய் தேய்த்து முகர்ந்தார். "தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறியள். அதுதான் இறுகியிருக்கு." கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். கிறீச் என்றது. தகட்டில் இருந்த இலக்கத்தை வாசித்தார். இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டேன்.

தேத்தண்ணிக் கடையில் இருந்து இரண்டு பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஒருவர், இது பள்ளிக்குப் பின் ஒழுங்கையில் இருந்த மாமியின் மெஷின் என்றார். மற்றவர், மாமியுடையது மூடி உடைந்தது என்றார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் மூத்தவர், "இந்தத் தெருவில கை மெஷின் இல்லாத வீடு எது, அதைச் சொல்லு" என்று முடித்துவைத்தார்.

"நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ. தேவையான ஆருக்கும் குடுங்கோ" என்றேன் தையல்காரரிடம்.

"சும்மா தாற சாமான் வேணாம்." குரலில் கோபம் இல்லை, ஆனால் பேரம் பேச இடமும் இல்லை. "திருத்தி வைக்கிறன். சுத்துற ரப்பர் மாத்த வேணும், ஊசித் தண்டு கழட்டிப் பூட்ட வேணும். ரெண்டாயிரத்தைந்நூறு வரும், முற்பணம் ஆயிரம். ஆரும் தங்கடை எண்டு வந்தா உங்களுக்குச் சொல்லிப்போட்டுக் குடுப்பன். வராட்டி நீங்க வந்து காசைக் கட்டி எடுங்கோ."

எருக்கலம்பிட்டியில் மாற்றாமல் விட்ட அதே ஆயிரத்தைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். துண்டு எல்லாம் வேண்டாம் என்றேன். "சாமான் எடுத்தா துண்டு குடுக்க வேணும்" என்று, ஒவ்வொரு சொல்லாக எழுதினார்: கை மெஷின் 1, மூடியோடு. பெட்டியின் சின்ன அறையைத் திறந்தார். பொபினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை நூல் வெளிறி, ஒரு பக்கம் மஞ்சளாகியிருந்தது.

"நூல் இத்துப் போச்சு. அறுத்து எறியவோ?"

"இருக்கட்டும்."

பொபின் 1, நூலோடு என்று அதையும் எழுதி, கையெழுத்து வைத்து, கிழித்துத் தந்தார்.

ஐந்து சந்தியில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்ப எடுக்க வரச் சொன்னவர்?" என்றார்.

"அடுத்த மாசம் முதல் கிழமை. நான் கொழும்பில நிப்பன்."

"துண்டைத் துலைச்சிடாதை. மேசையில வைச்சிட்டுப் போ" என்றார். "நான் போறன்."